போல்ட்டை இறுக்குவதற்கும் ஒரு வரலாறு உண்டு



உங்களில் சிலர் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். சிலர் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீர்கள். மற்றவர்களும் என்றாவது ஒருநாள் வண்டியை என்ஜின் வேலைக்கு விட்டிருப்பீர்கள். ஆகவே இன்று போல்ட்டின் கதை.

"போல்ட்டை இறுக்குவதில் என்ன சார் இருக்கிறது? பலமாக முறுக்கினால் சரிதானே?" என்று கேட்கலாம். சரியில்லை. அது சரியில்லை என்று உலகம் உணர்வதற்கே வெகுகாலம் ஆயிற்று.

முதலில் மரையின் கதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஓரிடத்து நட் இன்னோரிடத்து போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. 1864இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகை மரையை முன்வைத்தார். அமெரிக்கா அவர் வழியில் போயிற்று.

இந்த வேறுபாடு இரண்டாம் உலகப் போரில் பெரிய தலைவலி ஆனது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவின் பேக்கார்டு கார் கம்பெனி 55,000க்கு மேல் தயாரித்துக் கொடுத்தது. அதில் பிரிட்டிஷ் மரைதான் வெட்ட வேண்டும். அதற்கான வெட்டுக் கருவிகள் அங்கே கிடைக்காததால் பேக்கார்டே அவற்றையும் செய்துகொண்டது. போருக்குப் பின், 1948 நவம்பரில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகையில் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன.

மரைக்கு அளவு வந்தது. இறுக்கத்துக்கு? அது நெடுநாள் மெக்கானிக்கின் மணிக்கட்டில்தான் இருந்தது. நியூயார்க் நகரின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் போல்ட்டுகள் அதிகமாக இறுகிவிடாமல் தடுக்க 1918இல் ஒரு கருவி செய்தார் என்பார்கள். 1930களில் இத்தகைய கருவிகளுக்குக் காப்புரிமைகள் பதிவாயின. இன்று நாம் டார்க் ரெஞ்ச் என்று சொல்வது அதைத்தான்.

கார் என்ஜினில் இது ஏன் முக்கியம்? போல்ட் உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1500 முறை எரிவாயு வெடித்து ஹெட்டை மேலே தள்ளுகிறது. பிடிப்பு போதுமானதாக இருந்தால் அந்த உதை போல்ட்டை அதிகம் பாதிக்காது. தளர்வாக இருந்தால் ஒவ்வோர் உதையும் அதன்மேல் விழும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா, அதுபோல ஒருநாள் ஒடியும். ஒடிந்தது கனெக்டிங் ராடு போல்ட் என்றால், ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதிகமாக இறுக்கினாலும் ஆபத்துதான். போல்ட் நிரந்தரமாக நீண்டு பிடிப்பை இழக்கும். அலுமினிய பிளாக்கில் மரையே பெயர்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் கோணும், கேஸ்கெட் கசியும், தண்ணீர் கலந்து ஆயில் பால் காபி நிறமாகும். பொதுவாக நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. டார்க் ரெஞ்ச் காட்டும் எண் மட்டும் போதாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது. துருப்பிடித்த மரையில் எண் சரியாக வரும், பிடிப்பு இருக்காது. எண்ணெய் தடவ வேண்டாத இடத்தில் தடவினால் பிடிப்பு மிஞ்சிவிடும். ஆகவேதான் பின்னாளில் குறிப்பிட்ட அளவு இறுக்கியபின் 90 பாகை திருப்பு என்று கோணக் கணக்கு வந்தது. அப்படி இறுக்கும் போல்ட்டுகள் பலவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதியதுதான் போட வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விமானமே சாட்சி. 1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய விமானத்தில், சுமார் 17,300 அடி உயரத்தில், விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவருடைய கால்களை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது இது: முந்தைய நாள் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84, தேவையான குறுக்களவைவிட 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. மற்ற 6 நீளம் குறைந்தவை. புத்தகத்தைப் பார்க்காமல், பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார்கள். அளவு வைத்து இறுக்கும் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். மெலிந்த போல்ட்டின் மரை வழுக்கியதை, கருவி அளவைத் தொட்டு வழுக்கியதாக எண்ணிவிட்டார்கள்.

அதனால் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை பழகவரும் பையன்களிடம் முதல் நாளே டார்க் ரெஞ்சைக் கொடுங்கள். கூடவே அந்த வண்டியின் மேனுவலையும் கொடுங்கள். எந்த போல்ட், எந்த வரிசை, எத்தனை அளவு, எண்ணெய் உண்டா இல்லையா என்று வாசித்துவிட்டுக் கை வைக்கட்டும். "அனுபவம் இருக்கிறது, கை சொல்லும்" என்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த விமானத்தில் வேலை பார்த்தவரும் அனுபவசாலிதான்.

வண்டி வைத்திருக்கும் உறவுகளே, அடுத்த முறை என்ஜின் பிரித்தால், ஹெட் போல்ட் புதிதா பழையதா என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

உங்கள் பட்டறை அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.