கடனாகக் கிடைத்த டிக்கெட்

"கனடாவில அகதிக்கு எல்லாம் சும்மா குடுக்கிறாங்கள்." இந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தனாங்கள். பாதிக் கதை சரி. வெளிநாட்டு முகாம்களில் இருந்து அரசாங்கமே தெரிவுசெய்து கூட்டிக்கொண்டு போகும் அகதிகளுக்கு ஒரு வருடம் வரை மாதக் காசு கிடைக்கும்; மாகாணத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகை அளவுதான் அது. ஆனால் வந்த விமான டிக்கெட் கடன். திருப்பிக் கட்ட வேணும்.

இந்தக் கடன் திட்டம் 1951 இல் தொடங்கியபோது அகதிகள் யாருடைய மனதிலும் இல்லை. வேலைக்கு ஆள் தேவைப்பட்ட கனடா, கப்பல் காசு இல்லாத ஐரோப்பியரைக் கூப்பிடப் போட்ட திட்டம் அது. அகதிகள் பிறகுதான் அதற்குள் வந்தார்கள்.

எல்லோரும் கட்டினார்களா? 1956 இல் ஹங்கேரிப் புரட்சியைச் சோவியத் படை நசுக்க, ஏறக்குறைய 37,000 பேர் கனடா போனார்கள். அவர்களுக்குப் பயணம் இலவசம். பனிப்போர்க் காலம், கம்யூனிசத்தில் இருந்து தப்பி வந்தவனிடம் டிக்கெட் காசு கேட்க ஒட்டாவாவுக்கு மனம் வரேல்லை. 2015 இல் சிரியா. நவம்பர் 4 இல் ட்ரூடோ பதவியேற்றார். அந்தத் திகதிக்குப் பிறகு வந்த சிரியர்களுக்குக் கடன் இல்லை. அதே யுத்தத்துக்கு ஓடி, சில மாதம் முந்தி வந்தவர்கள் கட்டத்தான் வேணும். அதே வருடம் வந்த சோமாலியரும் எரித்திரியரும்கூட. அகதியின் தேவையைவிட அரசியலின் தேவைதான் இதில் தெரிகிறது என்பது எங்கள் எண்ணம்.

2018 பெப்ரவரியில் வட்டியை நீக்கினார்கள். முதல் இன்னும் இருக்கிறது.

எங்கடை சனத்தில் பெரும்பாலானோர் இந்த வழியால் போகவில்லை. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு வருட அனுமதி கிடைத்தது. இப்படித் தாங்களாகவே போய்ச் சேர்ந்து அகதியாக ஏற்கப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு வருடத் திட்டக் காசு இல்லை, மாகாண உதவிதான். டிக்கெட் கடனும் இல்லை. அதுக்குப் பதிலாக ஏஜென்சிக்காரனுக்குக் குடுத்த காசு, அதுக்காக ஈடு வைத்த காணி, அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடி. அந்தக் கடனுக்கு என்ன வட்டி, எத்தனை வருடம் கட்டினவை என்று வீட்டில் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.