அமெரிக்க மாநிலங்களின் ஸ்பாம் தடுப்புச் சட்டங்கள்

கேட்காமலே மொத்தமாக வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்களை ஸ்பாம் என்கிறோம். அவற்றை அனுப்புவோர் மீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு பெற வழிசெய்யும் மாநிலச் சட்டங்கள் அமெரிக்காவில் 1997 முதல் வரத் தொடங்கின. முதலில் சட்டம் இயற்றியது நெவாடா. மறு ஆண்டே வாஷிங்டன் மாநிலம் அதைவிடக் கடுமையான சட்டத்தோடு வந்தது. (இது தலைநகர் வாஷிங்டன் அல்ல, மேற்குக் கரையில் சியாட்டில் நகரம் இருக்கும் மாநிலம்.) 2003 முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இப்படிச் சட்டம் போட்டுவிட்டன. அவற்றில் பெரும்பகுதி இன்று ஏட்டளவில்தான் இருக்கிறது. ஸ்பாம் தொல்லையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி இன்று வழக்குப் போட முடியாது. அஞ்சலில் பொய் இருந்தால் போடலாம். மாநிலச் சட்டங்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது ஏறக்குறைய இந்த ஒரு பகுதிதான்.

வாஷிங்டன் சட்டம்

1998 ஜூனில் நடைமுறைக்கு வந்த வாஷிங்டன் மாநிலத்தின் வணிக மின்னஞ்சல் சட்டம் ஸ்பாமைத் தடை செய்யவில்லை. இரண்டு வகைப் பொய்களை மட்டும் தடுத்தது. ஒன்று, அடுத்தவரின் டொமைன் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்துவது, அல்லது அஞ்சல் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்பதை மறைப்பது. இரண்டாவது, சப்ஜெக்ட் வரியில் பொய்யோ, ஏமாற்றும் தகவலோ எழுதுவது. அப்படிப்பட்ட ஒவ்வொரு அஞ்சலுக்கும் பெற்றவருக்கு 500 டாலர், இணையச் சேவை நிறுவனத்துக்கு 1,000 டாலர் இழப்பீடு. உண்மையான நட்டம் அதற்கு மேல் இருந்தால் அந்தத் தொகை.

இழப்பீட்டுத் தொகையைச் சட்டமே குறித்து வைத்ததில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. ஒரு குப்பை அஞ்சலால் ஒருவருக்கு ஏற்படும் நட்டம் சில விநாடிகளும் சில காசுகளும்தான். அதை எந்த நீதிமன்றத்தில் கணக்குக் காட்டி நிரூபிப்பது? 500 என்று சட்டத்திலேயே எழுதிவிட்டதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

பெறுபவர் வாஷிங்டன்வாசி என்று அனுப்பியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தால் ஊர் தெரியாதே! இதற்காக அந்த மாநில இணையச் சேவை நிறுவனங்களின் சங்கம் ஒரு பதிவேடு வைத்தது. மாநிலவாசிகள் தங்கள் முகவரியை அதில் பதிந்துகொள்ள முடிந்தது. மொத்த அஞ்சல் அனுப்புவோர் அதைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதன் பிறகு 'தெரியாது' என்று கைவிரிக்க முடியவில்லை.

ஹெக்கல் வழக்கு

இந்தச் சட்டத்தின் முதல் பெரிய சோதனை 'வாஷிங்டன் மாநிலம் எதிர் ஹெக்கல்' வழக்கு. பிரதிவாதி பக்கத்து மாநிலமான ஓரிகனைச் சேர்ந்தவர். ஊர் சேலம், நம் சேலம் அல்ல, அங்கேயும் ஒன்று இருக்கிறது. இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று 46 பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதி, 39.95 டாலர் விலை வைத்தார். முகவரிகளைச் சேகரிக்கும் மென்பொருள் ஒன்றின் துணையோடு வாரத்துக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை அஞ்சல்களை அனுப்பினார். விற்றதோ மாதம் 30 முதல் 50 பிரதிகள். லட்சக்கணக்கானோரின் அஞ்சல் பெட்டியை நிரப்பி ஐம்பது பிரதி விற்றாலும் லாபம்தான். அனுப்ப அவருக்குச் செலவே இல்லை. செலவெல்லாம் பெற்றவர் தலையிலும் இடைப்பட்ட நிறுவனங்கள் தலையிலும் விழுந்தது.

'சரியான மின்னஞ்சல் முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கிறேனா?' என்ற பொருளில் சப்ஜெக்ட் வரி வைத்தார். யாரோ பழைய நண்பர் தேடுகிறார் போலிருக்கிறது என்று திறந்தால் உள்ளே புத்தக விளம்பரம். அனுப்பியவர் முகவரியில் இருந்த '13.காம்' என்ற டொமைன் 1995 முதலே வேறொருவர் பெயரில் பதிவானது. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பதில் போட்டால் திரும்பி வந்துவிடும். ஆனால் அஞ்சலின் அடியில் இருந்த ஆர்டர் படிவத்தில் மட்டும் சேலம் நகரத் தபால் முகவரி சரியாக இருந்தது. பணம் வந்து சேர வேண்டுமே!

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் முதலில் கடிதம் போட்டுச் சட்டத்தை எடுத்துச் சொன்னது. அதன் பிறகும் புகார்கள் நிற்கவில்லை. 1998 ஜூன் முதல் செப்டம்பர் வரை 17 பேரிடமிருந்து 20 புகார்கள் பதிவாயின, அக்டோபரில் வழக்கு. கீழ் நீதிமன்றம் 2000இல் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது கூட்டரசின் வேலை. ஒரு மாநிலம் தன் எல்லையைத் தாண்டிய வணிகத்துக்கு இவ்வளவு பாரம் ஏற்றக்கூடாது என்பது அதன் வாதம். 2001 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகப் புரட்டிப்போட்டது. உண்மை பேசு என்று சொல்வதைத் தவிர இந்தச் சட்டம் வணிகத்தின் மேல் வேறெந்தப் பாரத்தையும் ஏற்றவில்லை. மோசடி ஒழிந்தால் வணிகம் செழிக்கவே செய்யும் என்றது. இந்தத் துறையின் மிகத் தெளிவான தீர்ப்பு இதுதான் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. கூட்டரசு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2002இல் அபராதமும் வழக்குச் செலவுமாக ஒரு லட்சம் டாலரை ஒட்டிய தொகை கட்டும்படி உத்தரவானது.

கூட்டரசின் குறுக்கீடு

2003இல் கலிபோர்னியா எல்லோரையும் முந்தப் பார்த்தது. முன்கூட்டிச் சம்மதம் தராதவருக்கு விளம்பர அஞ்சல் அனுப்பினாலே குற்றம் என்று சட்டம் இயற்றி, 2004 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவித்தது. அதே நாளில் அமலுக்கு வந்த கூட்டரசின் கேன்-ஸ்பாம் சட்டம் அதைப் பிறக்கும் முன்பே முடித்துவிட்டது. கேட்காமல் அனுப்பலாம், வேண்டாம் என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசின் நிலை. பெயரிலுள்ள 'கேன்' என்ற சொல்லுக்கு 'செய்யலாம்' என்றும் பொருள் உண்டு என்பதால், இது ஸ்பாம் அனுப்ப அனுமதிச் சீட்டு என்று எதிர்ப்பாளர்கள் கேலி பேசினார்கள். தனிநபர் வழக்குத் தொடரும் உரிமையையும் அது தரவில்லை. கூட்டரசின் வணிக ஆணையம் போன்ற அரசு அமைப்புகளும், மாநில அட்டர்னி ஜெனரல்களும், இணையச் சேவை நிறுவனங்களும் மட்டுமே அதன்கீழ் நடவடிக்கை எடுக்கலாம்.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. வணிக மின்னஞ்சல் பற்றிய மாநிலச் சட்டங்கள் செல்லாது. அஞ்சலில் பொய்யையும் ஏமாற்றையும் தடுக்கும் பகுதி மட்டும் செல்லும். இன்று சாதாரண மனிதர் ஒருவர் ஸ்பாம் வழக்குப் போடுகிறார் என்றால் அநேகமாக இந்தக் கதவு வழியாகத்தான் போகிறார்.

கதவின் அகலம் எவ்வளவு என்பதில்தான் அதன் பிறகு வந்த சண்டை எல்லாம். அற்பத் தொழில்நுட்பப் பிழைகளைப் பொய் என்று சொல்லி வந்தவர்களை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின. வாஷிங்டனைச் சேர்ந்த ஒருவர் ஸ்பாமைச் சேர்ப்பதற்கென்றே டொமைன் வைத்து, வழக்குப் போடுவதையே பிழைப்பாக்கிக்கொண்டார். 2009இல் அவர் தோற்றது மட்டுமல்ல, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று.

குற்றவியல் வழியில் போன வர்ஜீனியாவின் கதை வேறு. ஏஓஎல் நிறுவனத்தின் சர்வர்கள் அந்த மாநிலத்தில் இருந்ததைக் கொண்டு, வட கரோலினாவிலிருந்து அனுப்பிய ஒருவருக்கு ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. பெயர் மறைத்து அரசியல் கருத்தோ சமயக் கருத்தோ பரப்புபவரையும் அது குற்றவாளியாக்கியது என்பது காரணம். விளம்பர அஞ்சலுக்கு மட்டும் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தப்பியிருக்கும்.

அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது

வழக்கின் கடினமான பகுதி சட்டம் அல்ல, ஆளைப் பிடிப்பது. அஞ்சலின் முழு ஹெடரைத் திறந்தால், அது கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் ஒரு வரி எழுதி மேலே மேலே அடுக்கியிருக்கும். உச்சியில் இருப்பது பெற்றவரின் சேவை நிறுவனம் எழுதியது, அதை நம்பலாம். கீழே போகப் போக அனுப்பியவர் தாமே புனைந்த வரிகள் கலந்திருக்கக்கூடும். நம்பத்தக்க கடைசி வரியில் உள்ள ஐபி எண்தான் நூல்முனை. அதனால்தான் வழக்குப் போட நினைப்பவர் அஞ்சலை ஃபார்வர்ட் செய்யாமல், மூல வடிவிலேயே சேமித்து வைக்க வேண்டும். ஆள் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாதவர்' மீதே வழக்குத் தொடர்ந்து, நீதிமன்ற ஆணை மூலம் சேவை நிறுவனத்திடமிருந்து விவரம் பெறும் வழியும் உண்டு.

டொமைன் யாருடையது என்பதையே மறைத்தால்? கலிபோர்னியாவில் எஞ்சிய பொய்த் தடைப் பிரிவின்கீழ், அஞ்சலுக்கு 1,000 டாலர் வீதம் இழப்பீடு உண்டு. 2010இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், பல டொமைன்களிலிருந்து அனுப்புவது மட்டுமே பொய் ஆகாது என்றது. 2012இல் வந்த டிரான்கோஸ் வழக்கு அடுத்த கேள்விக்கு விடை சொன்னது. அங்கே அஞ்சல்கள் 'மியூகஸ்மார்க்கீஸ்' போன்ற பொருளற்ற டொமைன்களிலிருந்து வந்தன. யார் பெயரில் பதிவு என்பது பொதுப் பதிவேட்டில் தெரியாது. பெற்றவரால் தேடியும் கண்டுபிடிக்க முடியாத பெயர் பொய்ப் பெயருக்குச் சமம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு அஞ்சல்களில் ஏழுக்கு இழப்பீடு 7,000 டாலர். வழக்கறிஞர் கட்டணம் 81,900 டாலர்.

பிந்தைய நிலை

வெளிநாட்டில் ஒளிந்திருக்கும் மோசடிக்காரர் மேல் மாநிலத் தீர்ப்பு பாய்வது அரிது. விலாசம் உள்ள கடைகள்தான் இப்போது மாட்டுகின்றன. ஓல்ட் நேவி ஆடை நிறுவனம் 'தள்ளுபடி இன்றோடு முடிகிறது' என்ற பாணியில் அஞ்சல் அனுப்பிவிட்டு, மறுநாளும் அதே தள்ளுபடியைத் தொடர்ந்ததாக வழக்கு. விளம்பரம் என்பதை மறைக்கும் பொய் மட்டும்தான் குற்றம் என்று நிறுவனம் வாதிட்டது. சப்ஜெக்ட் வரியில் எந்தப் பொய்த் தகவலும் கூடாது என்று 2025 ஏப்ரலில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் முடிவு செய்தது. அதையடுத்து மற்றச் சில்லறை விற்பனை நிறுவனங்கள் மீதும் வழக்குகள் வரிசைகட்டின. 'எங்களைப் போல் விலை யாரும் தர முடியாது' என்ற வழக்கமான கடைப் பெருமை இதில் சேராது. 'இன்றிரவோடு முடிகிறது' என்று வாஷிங்டன்வாசி ஒருவருக்கு எழுதினால், இன்றிரவோடு முடித்தாக வேண்டும்.