தாக்கம் என்றொரு சொல்

பாரதியிடம் ஷெல்லியின் தாக்கம், பிச்சமூர்த்தியிடம் விட்மனின் தாக்கம் என்று வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் நாம் சொல்லி வருகிறோம். ஆங்கிலத்து 'இம்பாக்ட்' என்னும் சொல்லுக்கு நேராக இச்சொல் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகங்கள். ஒன்று, பலத்த மோதல். மற்றொன்று, ஒன்றன்மீது மற்றொன்று உண்டாக்கும் விளைவு. அடியும் விளைவும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன என்பது சற்றே சுவையான வரலாறு.

மூலம் இலத்தீன். 'பாங்கரே' என்றால் ஊன்றுதல், அறைந்து பொருத்துதல். அதனோடு 'உள்ளே' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து 'இம்பிங்கரே' ஆயிற்று. அதன் எச்ச வடிவம் 'இம்பாக்டுஸ்'. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அது வினைச்சொல்லாக நுழைந்தபோது, இறுக்கித் திணித்தல் என்பதே பொருளாக இருந்தது. இப்பழம்பொருள் இன்றும் ஓரிடத்தில் உயிரோடிருக்கிறது. வெளிவர வழியின்றித் தாடையெலும்புக்குள் சிக்கிக் கிடக்கும் ஞானப்பல்லை ஆங்கிலப் பல் மருத்துவர் 'இம்பாக்டட்' என்றே குறிக்கிறார். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. மோதலைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அது வழக்குப் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அச்சொல்லைப் பௌதிக உலகிலிருந்து மன உலகுக்கு அழைத்து வந்தவர்களுள் முன்னவர் ஒரு கவிஞர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1817இல் வெளியான 'பயாகிராஃபியா லிட்டரேரியா' என்னும் நூலில் கோல்ரிட்ஜ் பொருள்முதல்வாதத்தை விசாரணை செய்கிறார். வெளியிலிருக்கும் பொருள் மனத்தில் மோதுவதால்தான் அறிவு பிறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்; அப்போதும் உள்ளே செல்வது அந்தப் பொருளன்று, அதன் செயல் மட்டுமே என்பது அவர் வாதம். அதற்கு ஓர் உவமையும் தருகிறார். மணியின் வெண்கலத்துக்குள் புகுவது அதன் இரும்பு நாக்கன்று, அந்நாக்கு எழுப்பும் அதிர்வே. ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் உருவகப் பொருளுக்கு இந்த நூலையே முற்பட்ட சான்றாகக் காட்டுகின்றன. அடிக்கும் விளைவுக்கும் இடையே அவர் வைத்த இடைவெளியைப் பின்வந்தோர் மறந்துவிட்டனர் என்றே தோன்றுகிறது.

தமிழின் நிலை வேறு. தாக்குதல் என்னும் வினை நம்மிடம் மிகப் பழையது. காலமறிதல் அதிகாரத்தில் (486) போர்க்கடா பின்வாங்குவது தாக்குவதற்காக என்கிறார் வள்ளுவர். இரவச்சத்தில் (1068) இரத்தல் என்னும் தோணி, மறுத்தல் என்னும் பாறையில் தாக்குண்டு பிளக்கிறது. இவ்விரண்டும் உவமையும் உருவகமுமே எனினும், உள்ளே இருப்பது உடல்சார்ந்த மோதல்தான். காமத்துப்பாலுக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. தலைவியின் எதிர்நோக்கைத் 'தாக்கணங்கு' படையோடு வந்தது போன்றது என்கிறான் தலைவன் (1082). தாக்கி வருத்தும் தெய்வம் என்பது உரைகாரர் கருத்து. இங்கே விழுந்த அடி எது? ஒரு பார்வை. பட்ட இடம் எது? மனம். கோல்ரிட்ஜுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அடியும் உள்ளத்து விளைவும் தமிழில் கைகோத்திருக்கின்றன. ஆகவே 'தாக்கம்' வெறும் மொழிபெயர்ப்புச் சொல் என்று ஒதுக்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

இதன் உறவுச் சொற்களையும் ஒரு கண் பார்த்துவிடலாம். ஆங்கிலத்து 'இன்ஃப்ளுயன்ஸ்' உள்ளே பாய்தல் என்று பொருள்படுவது. விண்மீன்களிலிருந்து மனிதருக்குள் ஏதோவொன்று பாய்வதாக நம்பிய சோதிடர் கையிலிருந்த சொல். இத்தாலியில் அதுவே காய்ச்சலுக்குப் பெயராகி 'இன்ஃப்ளுயன்சா' ஆயிற்று. சிற்றிதழாளர் பெரிதும் விரும்பும் 'பாதிப்பு' வருத்துதல் என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. புதுமைப்பித்தனின் பாதிப்பு என்று ஒருவர் எழுதும்போதெல்லாம் நிவாரணத் தொகை ஏதும் உண்டா என்று கேட்கத் தோன்றும். இலங்கைத் தமிழரோ வேதிவினையையே 'இரசாயனத் தாக்கம்' என்பர். கலந்த இரு பொருள்களும் மாறிப்போகும் நிகழ்வு அது. இலக்கியத்துக்கு மிக அணுக்கமான பொருள் இதுவே என்பது நம் எண்ணம்.

ஏனெனில் நம் ஒப்பிலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் மணியின் நாக்கை மட்டுமே ஆராய்கின்றன. பாரதி 'ஷெல்லிதாசன்' என்னும் புனைபெயர் சூடினார் என்று தொடங்கி, இன்ன வரிக்கு இன்ன வரி நிகர் என்று பட்டியலிட்டு முடித்துவிடுகிறோம். அவ்வதிர்வை வாங்கிய உலோகம் சித்தர் பாடலிலும் ஆழ்வார் பாசுரத்திலும் காவடிச் சிந்திலும் உருகி வார்க்கப்பட்டது என்பது பின்குறிப்பாகிவிடுகிறது. விட்மனின் 'புல்லின் இதழ்கள்' 1855இல் வந்தது. அதையும் பாரதியின் வசன கவிதைகளையும் படித்த ந. பிச்சமூர்த்தி 1934இல் மணிக்கொடியில் 'காதல்' எழுதினார். விட்மனின் ஆரவாரம் எதுவும் பிச்சமூர்த்தியிடம் இல்லை. அடங்கிய குரல் அவருடையது. அடித்தவர் விட்மன்தான், ஆனால் ஒலித்த மணி வேறு.

இப்போது கல்லூரி ஆசிரியர்களாகிய நம் தலைமேல் இச்சொல் எண்ணாக வந்து இறங்கியிருக்கிறது. 1955இல் யூஜின் கார்ஃபீல்ட் 'சயன்ஸ்' இதழில் மேற்கோள் அட்டவணை பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த 'தாக்கக் காரணி', இன்று எந்த இதழில் எழுதினால் எத்தனை மதிப்பெண் என்பது வரை நீண்டுவிட்டது. கணக்கு எளிது. ஓர் இதழில் முந்தைய ஈராண்டில் வந்த கட்டுரைகளை இவ்வாண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணி, அக்கட்டுரைகளின் தொகையால் வகுக்க வேண்டும். நூலகங்கள் இதழ் வாங்கத் துணையாக இருந்த இவ்வளவுகோல், எழுதியவரின் தகுதியை அளக்கவும் பயன்படலாயிற்று. 2013இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் இதைக் கண்டித்தது.

ஷெல்லி மறைந்தது 1822இல்; பாரதி பிறந்தது 1882இல். ஈராண்டுக் கணக்கில் ஷெல்லிதாசனுக்கு இடமில்லை.