நின்ற வண்டி கிளம்புமா? - ஸ்கூட்டர்களின் தூக்க சரித்திரம்

செமஸ்டர் முடிந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாக ஒரு கட்டுரை. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2020 ஊரடங்கில் இரண்டு மாதம் சும்மா நின்ற அப்பாவின் பைக் கிளம்ப மறுத்தது. 2024 மே மாதம், பன்னிரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகையில் நின்ற தாத்தாவின் பஜாஜ் சேட்டக் கிளம்பியது. இரண்டும் எங்கள் வீட்டில், என் கண் முன்னால் நடந்தவை.

"அந்தக் காலத்து இரும்புடா!" என்றார் பெரியப்பா. ஆனால் அந்தச் சேட்டக்கை எடைக்குப் போட காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்ததே அவர்தான் :-) அப்பா ஒரு வாரம் தவணை கேட்டார். ஒரு வாரத்துக்குள் கிளம்பினால் வண்டி வீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் தராசுக்குப் போகும். இதுதான் ஒப்பந்தம். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும் கையழுக்கானதும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

வண்டி நின்றாலும் அதற்குள் இருக்கிற சமாச்சாரங்கள் சும்மா நிற்பதில்லை. முக்கியமாக மூன்று எதிரிகள்.

முதல் எதிரி பெட்ரோல். அது ஒரே திரவம் இல்லை, பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் சட்டென்று பற்றிக்கொள்பவை அவைதான். மிச்சம் இருப்பது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாகப் பிசினாக மாறும். கார்புரேட்டரில் ஐடில் ஜெட் என்று ஒன்று உண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க ஒரு துளி பிசின் போதும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் மிகக் கொஞ்சம், அதுவும் காற்றுத்துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கிறது. அதனால் டேங்கில் இருப்பதற்கு முன்பே அது கெட்டுப்போகும். அப்பாவின் பைக் படுத்தது இதனால்தான்.

இரண்டாவது பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரி உபயோகிக்காவிட்டாலும் தானாகவே சார்ஜ் இறங்கும். நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். காலியாகவே கிடந்தால் உள்ளே தட்டுகளில் சல்பேட் படிகம் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது.

மூன்றாவது ஈரம். பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். செயின் துருவேறும், கேபிள் உறைக்குள்ளேயே இறுகும். போதாததற்கு வயரைக் கடிக்க எலி, சைலன்சருக்குள் கூடு கட்டக் குளவி.

ஒரு நாடே வண்டியை நிறுத்திய கதை

நாடு முழுக்க வண்டிகள் நின்றது 2020ல்தான் முதல் முறை என்று நினைத்தேன். இல்லை. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரிலேயே பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான ரேஷனையே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் போன்ற அத்தியாவசிய வேலைக்காரர்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு. 1945 ஜூனில்தான் சாதாரண ஜனங்களுக்கு மறுபடி பெட்ரோல் கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம்!

அந்த மூன்று வருஷமும் வண்டிகள் ஷெட்டில் நின்றன. பெட்ரோலை வடித்துவிடு, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்று, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்துத் தூக்கி வை, பேட்டரியைக் கழற்று. அன்றைய பக்குவம் இதுதான். மேலே சொன்ன மூன்று எதிரிகளுக்கும் இதில் பதில் இருக்கிறது, கவனித்தீர்களா?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் நிறைய வண்டிகளுக்கு ஒரு வசதி இருந்தது. பொறி கொடுக்க மேக்னெட்டோ. அதாவது எஞ்சின் சுற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கிப் பிளக்குக்குத் தரும். பேட்டரி செத்திருந்தாலும் ஓர் உதை உதைத்தால் வேலை நடக்கும்.

போரின் பிள்ளை

போர் முடிந்த இத்தாலியில் பியாஜியோ கம்பெனி இனி விமானம் செய்ய முடியாத நிலை. பொன்டெடெராவில் இருந்த தொழிற்சாலையும் குண்டுவீச்சில் நாசம். அந்தச் சூழ்நிலையில் விமானப் பொறியாளர் கொர்ராடினோ டி அஸ்கானியோ வடிவமைத்ததுதான் வெஸ்பா. 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அடுத்த வருஷமே மிலானிலிருந்து இன்னொசென்டி கம்பெனியின் லாம்ப்ரெட்டா போட்டிக்கு வந்துவிட்டது.

டி அஸ்கானியோ மோட்டார் சைக்கிள் பிரியர் இல்லை. அதனால் அதில் பிடிக்காததை எல்லாம் தூக்கிவிட்டார். வெஸ்பாவில் செயின் கிடையாது, எஞ்சின் நேராகப் பின் சக்கரத்தையே சுற்றும். துருப்பிடிக்கும் சாமான் ஒன்று குறைந்தது. பொறிக்குப் பேட்டரி வேண்டாம், ஃபிளைவீலிலேயே மேக்னெட்டோ. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் வால்வும் இல்லை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுவதால் உள்பாகங்களில் ஓர் எண்ணெய்ப் பூச்சு தங்கும்.

நீண்ட நாள் நிற்பதற்காக யாரும் இதை வடிவமைக்கவில்லை. மலிவாக, எளிமையாக இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைத்தார்கள். ஆனால் எளிமையான வண்டியில் கெட்டுப்போகும் சாமானும் குறைவு.

வரிசையில் நின்று வாங்கிய வண்டி

இந்தியாவுக்கு லாம்ப்ரெட்டா 1950களிலேயே வந்தது, பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் செய்தது. வெஸ்பாவை பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் செய்தது. 1971ல் அந்த உரிமம் முடிந்தது. 1972ல் ராணா பிரதாப்பின் குதிரை பெயரில் சேட்டக் வந்தது. அதே 1972ல் லக்னோவில் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனம், இன்னொசென்டியின் இயந்திரங்களையே வாங்கி வந்து விஜய் சூப்பர் செய்தது.

எவ்வளவு வண்டி செய்யலாம் என்பதற்கும் அரசு லைசென்ஸ் இருந்த காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலருக்குப் பத்து வருஷம்கூட ஆனது. கையில் வந்த வண்டியை உடனே கூடுதல் விலைக்கு விற்கவும் முடிந்தது.

எங்கள் தாத்தாவுக்கு 1986ல் கிடைத்தது. அப்படி வாங்கிய பொருளை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. ஓடாவிட்டாலும் கொட்டகையில் ஒரு மூலை கொடுத்து, மேலே சாக்கு போர்த்தி வைப்பார்கள். நம்மூர்களில் இன்றும் திண்ணைப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் என்று பழைய ஸ்கூட்டர்கள் நிற்பதற்கு இந்த வரிசைதான் காரணம் என்பது என் எண்ணம்.

பட்டன் வந்த கதை

1980களில் கைனடிக் ஹோண்டா பட்டன் ஸ்டார்ட்டோடும் கியர் இல்லாமலும் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆக்டிவா. கிக்கர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது. 2000களின் நடுவில் பழைய சேட்டக்கும் நின்றது. 2009ல் பஜாஜ் ஸ்கூட்டர் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

இன்னொரு பக்கம் பெட்ரோலும் மாறியது. 2003ல் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022ல் 10 சதவீதத்தை எட்டி, 2025ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் தலைவலி. பழைய வண்டிகளின் ரப்பர் சாமான்களும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

பிறகு 2020. மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 1ல் பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தது. அதோடு பெரும்பாலான புது இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. நாட்டில் பாதி வண்டிகள் வாசலில் நின்று கார்புரேட்டரில் பிசின் சேர்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் கார்புரேட்டரின் காலமும் முடிந்தது! வெளியே சுற்றியதற்காகப் போலீஸ் பிடித்த வண்டிகள் தமிழ்நாட்டில் மட்டும் லட்சக்கணக்கில். ஸ்டேஷன் வாசல்களில் வெயிலில் காய்ந்தன. மே மாதம் கடை திறந்ததும் எங்கள் தெரு மெக்கானிக்குக்குச் சாப்பிட நேரமில்லை.

அப்படியானால் பழசுதான் உசத்தியா?

நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அது சரியில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் மூடிய குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்த கிண்ணம் இல்லாததால் பிசின் தொல்லை குறைவு. இரண்டு மாதம் நிறுத்திவிட்டுப் போனால் கார்புரேட்டர் வண்டியைவிட இதுவே சுலபமாகக் கிளம்பும், பேட்டரி மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். அது செத்தால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடாது, மூளையான கம்ப்யூட்டரும் விழிக்காது. புது பேட்டரி வாங்கிப் போடுவதுதான் வழி.

பழைய இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் பலவீனம் உண்டு. ஈரம் இறங்கினால் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வண்டி நின்றால் அடிக்கடி கெடும், ஆனால் கெட்டதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சரிசெய்யலாம். புது வண்டி அவ்வளவு சுலபத்தில் கெடாது, கெட்டால் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும். இருபது வருஷம் கழித்து அந்தச் சாமான் கடையில் இருக்குமா என்பதுதான் கேள்வி. 2020 ஜனவரியில் சேட்டக் என்ற அதே பெயரில் பஜாஜின் மின்சார ஸ்கூட்டர் வந்தது. அதில் கெட்டுப்போகப் பெட்ரோலே இல்லை. ஆனால் லித்தியம் பேட்டரியை அடியோடு காலியாக விட்டு வருஷக்கணக்கில் நிறுத்தினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எழுப்ப முடியாது.

அந்த ஒரு வாரம்

முதல் நாள் பிளக்கைக் கழற்றித் துளை வழியாக ஆயில் ஊற்றினோம். இரண்டு நாள் ஊறவிட்டுக் கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினோம். நகர்ந்தது! டேங்கில் கருப்பாக ஏதோ இருந்தது, வார்னிஷ் வாடை. வடித்துவிட்டு, பழைய நட்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கித் துருவை எடுத்தோம். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தோம். கிளட்ச் கேபிள், இரண்டு டயர், ஒரு பிளக் புதுசு.

கார்புரேட்டரைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டோம். அப்பா பைக்கை இரண்டே மாதத்தில் படுத்திய சாமான், பன்னிரண்டு வருஷத்தில் கல்லாகியிருக்கும் என்று பயம். திறந்தால் கிண்ணம் காய்ந்திருந்தது. பிசின் இல்லை, கொஞ்சம் தூசி மட்டும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை தெரிந்தது. ஏன் என்று அப்பாவுக்கும் புரியவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் புது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, எல்லோரும் செய்வது மாதிரி வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தோம். இருபது இருபத்தைந்து உதை இருக்கும். பிறகு கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

ரோட்டில் ஓட்ட இன்னும் முடியாது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். தாத்தா 2012ல் தவறியபின் யாரும் போகவில்லை. அபராதத்தோடு கட்ட வேண்டும், அந்த வேலை நடக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது கார்புரேட்டர் மர்மத்தைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டிக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"உங்க தாத்தா பிள்ளையார் கோயில் திருப்பத்துலயே டேப்ப மூடிருவாருடா. மிச்சப் பெட்ரோல்ல வீடு வரைக்கும் வந்துரும். வாசல்ல வண்டி தானா நிக்கும். மூடாட்டா ராத்திரி ஒழுகிரும்னு சொல்வாரு."

அந்தக் கால ஸ்கூட்டர்களில் கிண்ணத்தின் ஊசி தேய்ந்தால் பெட்ரோல் நிரம்பி வழியும். ஒழுகும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் தாத்தா அப்படிச் செய்தார். கடைசியாக ஓட்டி வந்த அன்றைக்கும் மூடியிருக்கிறார். நாங்கள் கழற்றும்போதும் டேப் மூடித்தான் இருந்தது.

பி.கு: உங்கள் வீட்டில் கார்புரேட்டர் வண்டி இருந்து, ஊருக்குப் போவதாக இருந்தால், டேப்பை மூடிவிட்டு அதுவாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். அப்பாவின் புது வண்டியில் நானும் இப்படிச் செய்யலாம் என்று சீட்டுக்குக் கீழே தேடிப் பார்த்தேன். அதில் டேப்பே இல்லை.