மனநோய் மருந்துகளின் இதயப் பக்கவிளைவுகள்

மனநோய் மருந்துகளின் இதயப் பக்கவிளைவுகள் என்பன மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, மனச்சோர்வு, சித்தப்பிரமை ஆகியவற்றுக்கு வழங்கப்படும் மருந்துகளால் இதயத்தின் மின்னியக்கத்திலும் இதயத் தசையிலும் ஏற்படும் வேண்டாத மாற்றங்களைக் குறிக்கும். இவற்றுள் கியூ.டி இடைவெளி நீட்சி, இதயத் தசை அழற்சி, மின்கடத்தல் தாமதம், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் குறைதல் ஆகியன முதன்மையானவை. பெரும்பாலான நோயாளிகளுக்கு இவை ஆபத்தாக முடிவதில்லை. எனினும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளவர்களிடம் பல காரணிகள் ஒரே நேரத்தில் கூடுவதால் அங்கு இவற்றுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

கியூ.டி இடைவெளி

இதயத்தின் கீழறைகள் ஒவ்வொரு துடிப்பின்போதும் மின்கிளர்ச்சி அடைந்து சுருங்குகின்றன. பின்னர் ஓய்வுநிலைக்கு மீள்கின்றன. இதய மின்வரைபடத்தில் (ஈ.சி.ஜி) கியூ அலையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரையுள்ள நேரமே கியூ.டி இடைவெளி ஆகும். பொட்டாசியம் அயனிகள் உயிரணுவை விட்டு வெளியேறுவதாலேயே இம்மீட்சி நிகழ்கிறது. அவை வெளியேறும் வாயில்களுள் ஒன்று ஹெர்க் எனப்படும் புரதம். ஈதர் மயக்கத்தில் கால்களை உதறி ஆடிய ஒருவகைப் பழ ஈக்களில் கண்டறியப்பட்ட மரபணுவிலிருந்து இப்பெயர் வந்தது. இவ்வாயிலின் உட்குழிவு அகன்றது; அதனால் வேதியமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல மருந்துகளும் அதனுள் சிக்கி அதை அடைத்துவிடுகின்றன. மனநோய் மருந்துகள் பலவும் அவற்றுள் அடங்கும்.

வாயில் அடைபட்டால் மீட்சி தாமதமாகி இடைவெளி நீளும். அந்நிலையில் 'தோர்சாத் தெ புவான்ட்' எனப்படும் கீழறை மிகைத்துடிப்பு தோன்றக்கூடும். பிரெஞ்சு மொழியில் முனைகளின் முறுக்கம் எனப் பொருள்படும் இப்பெயரை 1966 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் டெசெர்தென் சூட்டினார். இது சில நொடிகளில் தானே அடங்கலாம், மயக்கத்தை உண்டாக்கலாம், அல்லது கீழறை நடுக்கமாக மாறி உயிரைப் பறிக்கலாம்.

அளவிடுதலும் திருத்தமும்

துடிப்பு வேகம் கூடும்போது கியூ.டி இடைவெளி இயல்பாகவே குறையும். எனவே அளந்த மதிப்பைத் துடிப்பு வேகத்திற்கேற்பத் திருத்த வேண்டும். பாசெட், பிரிடெரிசியா ஆகிய இருவரும் 1920 ஆம் ஆண்டில் தனித்தனியே தந்த வாய்பாடுகள் இன்றும் பயன்படுகின்றன. இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நொடியில் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தால் வகுப்பது பாசெட் முறை. கனமூலத்தால் வகுப்பது பிரிடெரிசியா முறை.

இவ்வேறுபாடு வெறும் கணக்கு விளையாட்டன்று. ஒருவரின் துடிப்பு நிமிடத்திற்கு 100, அளந்த இடைவெளி 360 மில்லிநொடி எனக் கொள்வோம். பாசெட் முறையில் விடை ஏறத்தாழ 465. பிரிடெரிசியா முறையில் 427. ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 முதல் 470 மில்லிநொடி வரை பொதுவாக மேல் எல்லையாகக் கொள்ளப்படுவதால், ஒரே வரைபடம் ஓர் ஆணுக்கு ஒரு முறையில் நீட்சியாகவும் மறுமுறையில் இயல்பாகவும் தோன்றும். பல ஈ.சி.ஜி கருவிகள் பாசெட் முறையிலேயே கணக்கிட்டு அச்சிடுகின்றன. காய்ச்சல், பதற்றம், குளோசாபின் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் துடிப்பு விரைந்துள்ள நோயாளியிடம் அந்த எண்ணை மட்டும் நம்பித் தேவையான மருந்தை நிறுத்துவது தவறாக முடியலாம். திருத்திய மதிப்பு 500 மில்லிநொடியைத் தாண்டுவதும், முன்பிருந்ததைவிட 60 மில்லிநொடிக்கு மேல் கூடுவதும் எச்சரிக்கை அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன.

வரலாறு

மனநோய் மருந்துகளின் காலம் 1952 இல் பாரிசு நகரின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் பயன்படுத்தப்பட்டதுடன் தொடங்கியது எனலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த தயோரிடசின் பற்றி 1960களிலேயே மின்வரைபட மாற்றங்களும் திடீர் இறப்புகளும் பதிவாயின. ஆயினும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது 2000 ஆம் ஆண்டில்தான். 2005 இல் அதன் முதன்மைத் தயாரிப்பாளர் அதனை உலகெங்கும் விலக்கிக்கொண்டார். செர்டிண்டோல் ஐரோப்பாவில் 1998 இல் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

சிப்ரசிடோன் 1998 இல் இதே ஐயத்தால் அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டு, கூடுதல் ஆய்வுக்குப் பின் 2001 இல் அனுமதி பெற்றது. அவ்வாய்வில் சராசரி நீட்சி தயோரிடசினுக்குச் சுமார் 35 மில்லிநொடியாகவும், சிப்ரசிடோனுக்குச் சுமார் 20 ஆகவும், வாய்வழி ஹாலோபெரிடாலுக்குச் சுமார் 5 ஆகவும் இருந்தது. ஆனால் ஹாலோபெரிடாலைச் சிரைவழியாகவோ மிகை அளவிலோ செலுத்தினால் ஆபத்து கூடுகிறது என 2007 இல் எச்சரிக்கை வெளியானது. மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமுக்கு 2011 இல் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என உச்ச அளவு விதிக்கப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது 20 மில்லிகிராம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் செய்யப்பட்டு 2009 இல் வெளியான பெரும் ஆய்வு, பழைய, புதிய ஆகிய இருவகை மனச்சிதைவு மருந்துகளை உட்கொள்வோரிடமும் திடீர் இதய இறப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் காட்டியது. புதியவை இதயத்திற்குப் பாதுகாப்பானவை என்ற பரவலான எண்ணத்தை இது அசைத்தது.

மருத்துவமனையில் கூடும் காரணிகள்

ஒரு மருந்து மட்டும் தோர்சாத்தை உண்டாக்குவது அரிது. உணவு மறுத்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சிறுநீர்பெருக்கி மருந்துகள் ஆகியவற்றால் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைகின்றன; மதுப்பழக்கத்தாலும் மக்னீசியம் குறையும். வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், தொற்றுக்குத் தரும் எரித்ரோமைசின், பூஞ்சை மருந்தான புளுகோனசோல் ஆகியவையும் கியூ.டி இடைவெளியை நீட்டுபவை. சிமெடிடின் போன்ற வயிற்றுப்புண் மருந்துகள் கல்லீரல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் சிட்டலோபிராமின் அளவை உயர்த்துகின்றன. முதுமை, பெண்பால், மெதுவான துடிப்பு, இதயச் செயலிழப்பு, பிறவி நீட்சி ஆகியனவும் சேரும். இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு மருத்துவர் வெவ்வேறு நாளில் எழுதியிருக்கலாம் என்பதே இடர்ப்பாடு.

தோர்சாத் தோன்றினால் காரணமான மருந்துகள் நிறுத்தப்பட்டு, சிரைவழி மக்னீசியம் சல்பேட்டு செலுத்தப்படுகிறது, பொட்டாசியம் ஈடுசெய்யப்படுகிறது. நாடித்துடிப்பு நின்றால் மின்னதிர்ச்சி உடனே தேவை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சித்தப்பிரமைக்கு ஹாலோபெரிடால் நெடுங்காலம் வழக்கமாகத் தரப்பட்டு வந்தது. 566 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடாலோ சிப்ரசிடோனோ போலிமருந்தைவிடச் சித்தப்பிரமையின் காலத்தைக் குறைக்கவில்லை. பயன் உறுதியாகாத இடத்தில் சிறு ஆபத்தும் பெரிதாகிறது.

பிற விளைவுகள்

குளோசாபின் பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குரியது. இது சிலருக்கு இதயத் தசை அழற்சியை, பெரும்பாலும் முதல் மாதத்திலேயே, உண்டாக்குகிறது. காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விரைந்த துடிப்பு ஆகியன அறிகுறிகள். ஆனால் காய்ச்சலும் விரைந்த துடிப்பும் அழற்சி இல்லாதபோதும் இம்மருந்தின் தொடக்கத்தில் வருவதால் எளிதில் ஏமாந்துவிடலாம். எனவே முதல் நான்கு வாரங்களில் டிரோபோனின், சி-வினைப் புரதம் ஆகிய இரத்தச் சோதனைகளை வாரந்தோறும் செய்யுமாறு ஆத்திரேலிய ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற முவ்வளைய மருந்துகள் சோடியம் வாயில்களை அடைத்துக் கியூ.ஆர்.எஸ் அலையை அகலப்படுத்துகின்றன. மிகையாக விழுங்கப்பட்டால் இவை உயிர்க்கொல்லிகள். சோடியம் பைகார்பனேட்டு இதற்கான முதன்மைச் சிகிச்சை. மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு இவை தவிர்க்கப்படுகின்றன. மாற்றாக, செர்ட்ரலின் அத்தகையோருக்கு இதயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானது என 2002 இல் வெளியான ஆய்வு காட்டியது. லித்தியம் சிலருக்குத் துடிப்பை மெதுவாக்கும்.

மருந்தை நிறுத்துவதன் ஆபத்து

மனச்சிதைவு உடையோர் பிறரைவிடக் குறைந்த காலமே வாழ்கின்றனர். அதற்கு இதய நோய் ஒரு பெருங்காரணம். ஆகவே மருந்துகளையே குற்றஞ்சாட்டத் தோன்றும். ஆனால் பின்லாந்தில் 66,881 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், நெடுங்காலம் மருந்து உட்கொண்டோரின் இறப்பு விகிதம் எம்மருந்தும் உட்கொள்ளாதோரைவிடக் குறைவாக இருந்தது. மருந்துகளுள் மிகக் குறைவு குளோசாபினுக்கே. இவ்வாய்வின் முறை பற்றி விவாதங்கள் எழுந்தன. எனினும் கியூ.டி நீட்சி கண்டவுடன் பொட்டாசியத்தைச் சரிசெய்தல், துணை மருந்துகளை மாற்றுதல், அளவைக் குறைத்தல், அரிபிப்ரசோல் போன்று நீட்சி குறைந்த மருந்துக்கு மாறுதல் ஆகிய வழிகளையும் மருத்துவர்கள் ஆராய்கின்றனர். நோயாளி தாமாக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை ஆபத்தும் கூடுகின்றன.