பினாங்கு மாமாக்களும் பொரித்த டோஃபுவும்

மதுரங்குளியில எந்தப் பலசரக்குக் கடைக்குப் போனாலும் சோயாமீற் பக்கெட் தொங்கும். அதே சோயா அவரையில செய்ற டோஃபுவைப் பற்றிக் கதைச்சா மட்டும், "அது சீனக்காரங்கட சாப்பாடுதானே" என்பாங்க. பிறந்தது சீனாவில்தான். ஆனா அதைப் பொரித்து, உறைப்புக் குழம்பு ஊற்றி, தெருவில் விற்றவர்களில் தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள்.

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகம் அமைத்தபின் தமிழகக் கரையோர முஸ்லிம்கள் பலர் அங்கே குடியேறினார்கள். சூலியா தெருவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அவர்களின் சுவடுகள். மலேசியாவில் இவர்களின் சாப்பாட்டுக் கடைகளை 'மாமாக்' கடை என்பார்கள். நம்மட 'மாமா'தான் அது! அந்த மாமாக்கள் பக்கத்து வீட்டுச் சீனரின் டோஃபுவை எடுத்துக்கொண்டார்கள். பினாங்கின் பசெம்பூரில் பொரித்த டோஃபு, இறால் வடை, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் எல்லாம் வெட்டிப் போட்டு, வற்றாளங்கிழங்கும் கடலையும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். மாமாக் மீ கோரெங்கிலும் டோஃபுத் துண்டுகள் வரும்.

டோஃபுவுக்கென்று பெரிய ருசி கிடையாது. அதுதான் அதன் கெட்டித்தனம். தண்ணியைப் பிழிந்து பொரித்தால் வெளியே தோல் கட்டும், உள்ளே பஞ்சாகும், ஆணத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணி போவதால் சத்தும் செறியும்: நன்றாகப் பொரித்த டோஃபு 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம். எண்ணெயும் சும்மா இல்லை, கொழுப்பு கிட்டத்தட்ட 20 கிராம். கொலஸ்ட்ரோல் மட்டும் இல்லை.

எங்கட நாட்டுக்கு சோயா வந்த பாதை வேறு. 1973இல் தொடங்கிய திரிபோஷ திட்டத்தில், கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சத்துமாவாகத்தான் பல வீடுகளுக்குள் அது நுழைந்தது. பிறகு இறைச்சிக்குப் பதிலாக சோயாமீற். அங்கே அயலவரின் அடுப்பிலிருந்து வந்தது. இங்கே கிளினிக்கிலிருந்து வந்தது. மலாய்க்காரர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வட்டிலாப்பத்தைப் பெருநாளைக்கு நாங்க விட்டுக்கொடுக்கிறதில்லை. அதை யாரும் வெளிநாட்டுச் சாப்பாடு என்பதுமில்லை. சோயாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோதும் அது மீனுக்குப் பதில்தான், இல்லாதவங்கட கறிதான். இன்றைக்கும் 'மீற்' என்று பெயர் போட்டே அதை விற்க வேண்டியிருக்கிறது.