மூன்று கால் குதிரை

எமனுக்கு எருமை வாகனம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். டென்மார்க் தேசத்துக் கிராம ஜனங்களுக்கோ சாவு குதிரையாக வரும்; அதுவும் மூன்றே காலுள்ள நொண்டிக் குதிரை. அதைக் கண்டவனுக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். 'ஹெல்ஹெஸ்டன்' என்று அதற்குப் பெயர்.

1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மன் சேனை டென்மார்க்கினுள் புகுந்தது. மறு வருஷமே ஆஸ்கர் யோர்ன் முதலிய இளம் ஓவியர்கள் கூடி, அந்தச் சாவுக் குதிரையின் பெயரையே சூட்டி ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அந்நியன் வாசலில் நிற்கும்போது வைக்கிற பெயரா இது! 1944 வரை அது நடந்தது.

உள்ளே என்ன இருந்தது? குழந்தைகளின் சித்திரங்கள், பழைய மாதாகோயில் சுவரோவியங்கள், முகமூடிகள், வர்ணக் குழம்பிலிருந்து கண்ணும் வாயுமாக எட்டிப்பார்க்கும் அரூப உருவங்கள். எங்கள் வேலப்பன்சாவடியில் அடுத்த வீட்டுப் பையன் மதிலில் கரியால் வரைந்த குதிரைக்கு ஐந்து கால். வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே வெள்ளையடித்தார். யோர்ன் பார்த்திருந்தால் அச்சுக்கே அனுப்பியிருப்பார்.

இதில் எதிர்ப்பு எங்கே என்று கேட்பீர்கள். 1937-ல் ம்யூனிக் நகரில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்து, நவீன ஓவியங்களை ஊர் சிரிக்கத் தொங்கவிட்டவர்கள். வடதேச வீரம், வடதேச ரத்தம் என்று சதா தம்பட்டம் வேறு. டேனிஷ் ஓவியர்கள் அதே வடதேசப் பழங்கதையை எடுத்து, வீரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நொண்டிக் குதிரையைத் தெருவில் ஓட்டினார்கள். 1941-ல் கோபன்ஹேகனுக்கு வடக்கே கூடாரம் அடித்து, 13 பேர் படங்களைப் பார்வைக்கும் வைத்தார்கள்.

அதே யுத்தகாலத்தில், 1943-ல், வங்கத்தில் பஞ்சம். சித்தப்ரசாத் என்ற ஓவியர் மேதினிப்பூர் ஜில்லாவில் சுற்றி, எலும்பும் தோலுமான மனிதர்களைக் கண்டபடியே வரைந்து 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலை வெளியிட்டார். வெள்ளைக்கார சர்க்கார் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. எழுத்தறியாதவனுக்கும் புரிகிற படம்; போலீஸ்காரனுக்கும் புரிந்துவிட்டது. டென்மார்க்கின் முகமூடிகளோ ஜெர்மானியர் கண்ணெதிரிலேயே வெளிவந்துகொண்டிருந்தன.

என் ஓட்டு சித்தப்ரசாத்துக்குத்தான். ஆனால் யோர்னும் வர்ணத்தோடு நின்றுவிடவில்லை. தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் பத்திரிகையை ரகசியமாக அச்சடித்தும் கொடுத்தார். அதில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கும்.